கோர்ட்டு வாசல் மிதிக்காத ஊர்

என் அப்பாவின் அரசியலைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் வாய்க்காலில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற வயல்கள் எங்கள் ஊருடையவை. மேலே இருக்கிறவர்கள் மடையை அடைத்துக்கொண்டால் எங்கள் நாற்றங்கால் காய்ந்துபோகும். ஒரு வருஷம் அப்படித்தான் காய்ந்தது. அப்பா பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போய் மடைக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகள் வந்து பேசினார்கள், போலீஸ் வந்து பேசியது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் காலையில் தண்ணீர் திறந்தார்கள். தண்ணீருக்கு முன்னால் அப்பா வாய்க்கால் கரையில் நடந்து ஊருக்குள் வந்தார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உண்மையாகவே அப்படித்தான் வந்தார். வேட்டி முழுக்கச் சேறு. முகத்தில் மூன்று நாள் தாடி. எங்கள் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதற்குப் பிறகு நான் சொல்லப்போவதைக் கேட்டால் அவரை ஒரு கெட்ட மனிதர் என்று முடிவு கட்டிவிடுவது சுலபம். எனக்கு அந்தச் சுலபம் கிடைக்கவில்லை.

அடுத்த தேர்தலில் அப்பா ஊராட்சித் தலைவர் ஆனார். இரண்டு முறை தொடர்ந்து ஜெயித்தார். அவருடைய அரசியல் ரொம்ப எளிமையானது. பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன ஒழுங்கைக் கலைக்கக் கூடாது, அவ்வளவுதான். கோயில் திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சியை நிறுத்தினார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த மதுக்கடையை, பெண்களைத் திரட்டிப் போய் உட்கார்ந்து, மூடவைத்தார். அன்றைக்கு அதே பெண்கள் அவருக்கு ஆரத்தி எடுத்தார்கள். அதற்கு மறு மாதம், விடியற்காலையில் ஜீப்பில் அடைந்துகொண்டு கம்பம்மெட்டு ஏறி கேரளாவில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைப் போகக் கூடாது என்றார். "பொம்பளை இல்லாத வீட்டுல என்ன குடும்பம் நடக்கும்? இங்கனயே வேலை இருக்கு, இங்கனயே பாருங்க" என்றார். இங்கே நடவும் களையெடுப்பும் வருஷத்தில் சில வாரங்கள்தான். அதனால் பெண்கள் அவருக்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டு, ஊருக்கு வெளியே பாலத்தடியில் நின்று ஜீப் ஏறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு முன்னால் இருந்த தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு அப்பா பஞ்சாயத்துப் பேசுவார். வரப்புத் தகராறு, பாதைத் தகராறு எல்லாம் வரும். அதிகமாக வந்தது புருஷன் பெண்டாட்டி விவகாரம். மேடை கிடைத்த இடத்தில் எல்லாம் அப்பா ஒரு வாக்கியம் சொல்வார்: "எங்க ஊர்ல கோர்ட்டு வாசல் மிதிச்ச குடும்பம் ஒண்ணுகூடக் கெடையாது." அது பொய்யில்லை. வந்த பெண்கள் எல்லாரையும் அவர் திருப்பி அனுப்பிவைத்திருந்தார். புருஷனைத் திட்டுவார், சில நேரம் ஓங்கி அறைந்தும்விடுவார். பிறகு இரண்டு பேரிடமும் எழுதி வாங்கிக்கொள்வார். அந்தக் கடிதங்களை எழுதியது நான்.

கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று அப்பாவுக்குப் பெருமை. கோடு போட்ட தாளில் எழுதுவேன். 'இனிமேல் எந்தத் தகராறும் செய்யாமல், கணவர் சொல்படி கேட்டு, ஒற்றுமையாகக் குடும்பம் நடத்துவேன் என்று மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்.' முதல் கடிதத்துக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருத்தியை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவள். முப்பது வயது இருக்கும். மேல் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. கடிதத்தை நீட்டியபோது அவள் அதை வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"நீ படிச்ச புள்ளதான தாயி. இதுல அவென் அடிச்சது எங்க எழுதியிருக்கு?"

அப்பாதான் சொன்னார். "அதெல்லாம் எழுதி வச்சா நாளைக்கு உன் புள்ளைகளுக்குத்தான் அசிங்கம்த்தா. போடு கையெழுத்த."

அவள் போட்டாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, மெதுவாக.

எனக்கு இருபத்து நான்கு வயதில் கல்யாணம் ஆனது. ஆண்டிபட்டிப் பக்கம், வைகை அணைக்குப் போகிற வழியில் வீடு. மாமனார் அப்பாவின் கட்சியில் மாவட்டப் பொறுப்பில் இருந்தவர். சட்டமன்றத் தேர்தலுக்கு யார் பெயரை மேலே அனுப்புவது என்று முடிவு செய்கிற நாலைந்து பேரில் அவரும் ஒருவர். இந்தச் சம்பந்தத்தால் அப்பா எங்கே போய்ச் சேரப் போகிறார் என்பது கல்யாணத்துக்கு வந்திருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் புடவைக் கலரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் முதல் அடி விழுந்தது. காரணம் ஞாபகம் இல்லை. சின்னக் காரணம். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்பா காதுக்குப் போக வேணாம்த்தா. இப்பத்தான் சீட்டு விஷயமா மதுரைக்கும் மெட்ராசுக்கும் அலைஞ்சிக்கிட்டு இருக்காக. கொஞ்சம் பொறுத்துக்க" என்றாள். பொறுத்துக்கொண்டேன். அப்பாவுக்காகப் பொறுத்துக்கொள்கிறோம் என்ற நினைப்பே எனக்கு அப்போது ஒரு தைரியமாகக்கூட இருந்தது. இன்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

வேட்பாளர் பட்டியலில் அப்பா பெயர் வந்த மறுநாள், என் கணவர் சமையலறையில் என் இடது கையைப் பிடித்து முறுக்கி, கிரைண்டர் மேல் தள்ளினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் பயந்துபோய் வெளியே போய்விட்டார். நான் ஒரு துண்டால் கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஆண்டிபட்டியில் பஸ் ஏறி, தேனியில் மாறி, சின்னமனூரில் மாறி ஊருக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். எங்கள் தகரக் கொட்டகை முழுக்கக் கட்சிக்காரர்கள். புதுக் கொடிகள். யாரோ பட்டாசுச் சரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் பின்பக்கமாகச் சுற்றி மாட்டுக்கொட்டத்து வழியாக வீட்டுக்குள் போனேன்.

அம்மா என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்னுடைய பழைய சேலை ஒன்றைக் கிழித்துக் கையைத் தூக்கிக் கட்டினாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். கழுத்தில் மாலையோடு உள்ளே வந்தவர் என் கையைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீங்கிய இடத்தைத் தொடாமல், விரல்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தடவினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இனி எதுவும் ஆகாது என்று தோன்றியது.

பிறகு கேட்டார். "வரும்போது யாராச்சும் பாத்தாகளா?"

அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை. போனால் எப்படி அடிபட்டது என்று பதிவேட்டில் எழுதுவார்கள், அது போலீசுக்குப் போகும், அங்கிருந்து பத்திரிகைக்குப் போகும். தேவதானப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து எலும்புக்குக் கட்டுப்போடுகிற வைத்தியரைக் காரில் அழைத்துவந்தார்கள். அவர் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு பூசிக் கட்டினார். அவரிடம் அப்பாதான் சொன்னார், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று. ஒரே நாளில் அது ஊர் முழுக்க உண்மையாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, குளியலறையில் சோப்புத் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

"ஓட்டு முடியட்டும்த்தா" என்றார் அப்பா. "நாப்பது நாளுதான். அதுக்குப் பொறவு நானே வந்து உன்னையக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன். எனக்கு நீ பெருசா அவுக பெருசா?"

நான் நம்பினேன். மடையில் மூன்று நாள் உட்கார்ந்தவர். சொன்னால் செய்வார்.

ஒரு வாரத்தில் மாமனாரும் கணவரும் காரில் வந்தார்கள். தட்டில் பழம், பூ. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாமனார் என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் பேசினார். "புள்ள கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு வந்துட்டான்னு எதிர்க்கட்சிக்காரன் பேச ஆரம்பிச்சிட்டான் சம்பந்தி. குடும்பம் குடும்பம்னு மேடையில பேசுறவக நீங்க. யோசிச்சுக்கங்க."

அப்பா என்னிடம் கோடு போட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "ரெண்டு வரி எழுதிக் குடுத்துருத்தா. சம்பந்தி மனசு ஆறும்."

அடிபட்டது இடது கைதான். வலது கையால் எழுதலாம். நான் எழுதினேன். யோசிக்காமலே வந்தது. எனக்கு முன்னால் எத்தனை பெண்கள் அந்த வரிகளுக்குக் கீழே பெயர் எழுதினார்கள் என்று நான் எண்ணி வைத்ததில்லை. என் பெயரையும் எழுதினேன். அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கே அவர்களோடு காரில் ஏறினேன்.

அதற்கு அடுத்த வாரம் முதல் பிரச்சார வேனில் என்னையும் கணவரையும் அப்பாவுக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள். மருமகனும் மகளும் சேர்ந்து நிற்பதை ஜனங்கள் பார்க்க வேண்டும் என்பது மாமனாரின் யோசனை. பட்டுச் சேலை முந்தானையைச் சுற்றிக் கைக்கட்டை மறைத்துக்கொண்டேன். வேன் ஒவ்வொரு மேட்டில் ஏறி இறங்கும்போதும் வலி தோள்பட்டை வரை போகும். சிரித்துக்கொண்டே வலது கையால் கும்பிட முயன்றேன். ஒற்றைக் கையால் கும்பிட முடியாது. அதனால் கையை ஆட்டினேன்.

உத்தமபாளையம் போகிற வழியில் ஒரு நிறுத்தத்தில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அதில் அவள் இருந்தாள், ஏலக்காய்த் தோட்டத்துப் பெண். உதட்டில் தழும்பு இருந்தது. ஆள் சதை போட்டுத் தெளிவாக இருந்தாள். அப்பாவுக்குச் சுற்றிவிட்டு எனக்குத் திலகம் வைக்க வேன் படியில் ஏறினாள். முந்தானைக்குள் பார்த்துவிட்டாள். திலகம் வைக்கிற சாக்கில் என் காதருகே வந்தாள்.

"நான் அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்ட மூணாம் மாசம் பிள்ளைகளோட மலைக்கு ஓடிட்டேன் தாயி. இப்ப தோட்டத்து லயத்து வீட்டுலதான் இருக்கேன், ஆத்தாளப் பாக்க வந்தேன். நீ எப்ப?"

நான் பதில் சொல்வதற்குள் வேன் கிளம்பிவிட்டது. என் கணவர், "அவ என்ன சொன்னா?" என்று கேட்டார். நல்லா இருக்கச் சொன்னாள் என்றேன்.

அப்பா ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில்தான். வாக்கு எண்ணிக்கை முடிந்து வெளியே வந்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு வந்ததும், கூட்டம் கொஞ்சம் விலகியபோது, நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, நாப்பது நாள் முடிஞ்சிருச்சு."

அவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரிய ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடிதான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "இப்பத்தான ஜெயிச்சிருக்கோம்த்தா. பதவி ஏத்துக்கிறேன். அதுக்குள்ள இதப் பேசினா நல்லா இருக்குமா?"

பதவி ஏற்றபிறகு மாமனாருக்கு ஏதோ வாரியப் பதவி பேச்சு வந்தது. அது முடியட்டும் என்றார். அதன் பிறகு பாராளுமன்றத் தேர்தல். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். நான் திரும்பிப் போன அந்த வீட்டில் இரண்டரை வருஷம் இருந்தேன். அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. கை கோணலாகக் கூடிவிட்டது. ஒரு குடம் தூக்க முடியாது. இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. அப்பா தொகுதிக்குள் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணமக்களை வாழ்த்திப் பேசுவார். சில கல்யாணங்களுக்கு நானும் போக வேண்டியிருக்கும். முன் வரிசையில் உட்கார்ந்து, மனைவியின் பொறுமை ஒரு வீட்டை எப்படித் தாங்குகிறது என்று அவர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நன்றாகப் பேசுவார். பக்கத்தில் இருக்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஒரு மத்தியானம் நான் வீட்டைப் பூட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து வைகை அணைக்குப் போனேன். ஏன் போனேன் என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது என்றுதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும். கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் தண்ணீர் தகதகவென்று இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வந்திருந்தார்கள். அவர்களுடைய டீச்சர் என்னிடம் செல்போனை நீட்டி, "எங்க எல்லாரையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்றார். வாங்கினேன். இரண்டு கையாலும் பிடித்தேன், கோணிய இடது கை ஆட்டிவிட்டது. மூன்று முறை எடுத்தும் படம் கலங்கிப்போனது. ஒரு சின்னப் பெண், "அக்கா, ஒத்தக் கையால எடுங்க, நாங்க ஆடாம நிக்கிறோம்" என்றாள். நாற்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றார்கள்.

எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைகள் இருக்கும்போது அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தபோது தேனி பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

தேனியில் என்னோடு படித்த ஒருத்தி வேலை பார்க்கும் பெண்கள் விடுதியில் இருந்தாள். அவள் அறையில் தங்கிக்கொண்டு ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். எம்.எல்.ஏ. மகள் என்று கடையில் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து விவாகரத்துக்கு மனுப் போட்டேன். கம்பத்தைச் சேர்ந்த ராவுத்தர் வீட்டுப் பெண் ஒருவர் எனக்கு வக்கீல். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிச் சீட்டு எங்க?" என்றார். இல்லை என்றேன். "போலீஸ்ல புகார்?" அதுவும் இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். பழைய முறிவு என்று தெரிந்தது. எப்போது, எப்படி என்று எக்ஸ்ரேக்குத் தெரியாது. என் கையால் நானே எழுதிக் கொடுத்த கடிதம் எதிர்த்தரப்பிடம் இருந்தது.

"அன்னைக்குக் கண்ணால பாத்தவங்க யாராச்சும் சாட்சி சொல்லணும்" என்றார் வக்கீல். "உங்க அப்பா வருவாரா?"

வழக்கு இழுத்து இழுத்து இரண்டு வருஷம் ஓடியபிறகு சாட்சி விசாரணை வந்தது. அப்பாவின் அலுவலகத்துக்குப் போனேன். மனுக்களோடு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நானும் வரிசையிலேயே நின்றேன். என் முறை வந்தபோது அவர் மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னார். முகம் ரொம்ப இளைத்திருந்தது. அடுத்த தேர்தலுக்கு விருப்ப மனு கொடுத்திருந்தார். தன் பெயரை இந்த முறை மாமனார் மேலே அனுப்புவாரா என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க பாத்ததச் சொன்னாப் போதும்ப்பா. வேற எதுவும் வேணாம்."

"வர்றேன்த்தா" என்றார். "பாத்ததச் சொல்றதுக்கு என்ன? வர்றேன்." என் தலையில் கை வைத்தார்.

வந்தார். வெள்ளை வேட்டி சட்டையில், ஏழெட்டுப் பேர் சூழ. கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். என் வக்கீல் கேட்டார், உங்கள் மகள் வீட்டுக்கு வந்தபோது அவர் கை எப்படி இருந்தது என்று. முறிந்திருந்தது என்றார். எப்படி முறிந்தது என்று உங்களுக்குச் சொன்னார்?

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு நீதிபதிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

"குளியலறையில வழுக்கி விழுந்ததாச் சொன்னாங்க."

வக்கீல் கையில் இருந்த பேனாவை மூடினார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பா கூண்டிலிருந்து இறங்கும்போது படியில் கால் தடுக்கியது. நான் என்னையறியாமல் எழுந்து பிடிக்கப் போனேன். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. அப்பா பெயர் இல்லை. மாமனார் வேறொருவரைச் சிபாரிசு செய்திருந்தார். மகள் கோர்ட்டுக்குப் போனவர், குடும்பத்தைப் பற்றி மேடையில் பேசினால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று கட்சிக் கூட்டத்தில் பேசினாராம். ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சமாவது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் அந்தப் பொய்யை ஒன்றுமில்லாததற்காகச் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் தோன்றியது. கடைக்குப் பின்னால் போய், பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

தேர்தல் முடிந்த மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, நான் புதிதாக வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறை வீட்டுக்கு முன்னால் அம்மா நின்றாள். கையில் ஒரு துணிப்பை. அதுவரை அம்மா தனியாகப் பஸ் ஏறியதில்லை. காரில்தான் போவாள், இல்லாவிட்டால் அப்பாவோடு.

"எப்படிம்மா வந்த?"

"கண்டக்டர்ட்ட கேட்டேன். ஒருத்தரு இங்கன எறங்குன்னாரு." உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். "நான் சொல்றேன் கோர்ட்டுல. வக்கீலம்மாட்ட கேளு, நான் சொன்னா எடுத்துக்கிருவாகளான்னு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். ஒண்ணும் சொல்லல. நாக்காலியில உக்காந்திருந்தாக, அப்படியே உக்காந்திருக்காக."

அம்மாவைச் சாட்சியாகச் சேர்க்கத் தனியாக ஒரு மனுப் போட வேண்டியிருந்தது. எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எப்படியோ அனுமதி கிடைத்தது. அம்மா கூண்டில் ஏறினாள். எந்தக் கை என்று வக்கீல் கேட்டார். இடது கை, மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே என்றாள். மருமகன் முறுக்கித் தள்ளியதாக மகள் அன்றைக்கே தன்னிடம் சொன்னாள் என்றாள். தன் சேலையைக் கிழித்துக் கையைத் தூக்கிக் கட்டியதைச் சொன்னாள், அது என்ன கலர் சேலை என்றும் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த முறை எழுந்தார். "உங்க கணவர் இதே கோர்ட்டுல வழுக்கி விழுந்ததாச் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்காரே. அப்ப அவர் சொன்னது என்ன?"

அம்மா இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக பொய் சொன்னாக" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அந்த நேரத்திலும் அப்பாவுக்குக் கொடுக்கிற மரியாதை அவள் வாயில் குறையவில்லை. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். தட்டச்சு செய்கிறவர் ஒரு கணம் நிறுத்திவிட்டு அதைத் தட்டினார்.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. விவாகரத்து கிடைத்தது. அன்றைக்கு நானும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் இட்லி சாப்பிட்டோம். அம்மா ஊருக்குத் திரும்பவில்லை. போ என்று நான் சொல்லவும் இல்லை.

போன மாதம் அப்பா வந்தார். மத்தியான நேரம். நான் ஆளை முதலில் அடையாளம் காணவில்லை. வேட்டியில் பழுப்பு ஏறியிருந்தது. சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் உட்காரவைத்தேன். அம்மா காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய் நின்றாள். அவர் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சொல்ல ஆரம்பித்தால் என்ன பதில் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் அம்மாவைப் பார்த்துப் பேசினார். "உள்ளாட்சித் தேர்தல் வருது. நம்ம ஊரு இந்தத் தடவ பொம்பளைகளுக்கு ஒதுக்கிட்டாக. உன் பேர்ல நிக்கலாம்னு இருக்கேன். நீ வந்து கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிருவேன்."

அம்மா அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"கட்சிக்காரக தயவெல்லாம் வேணாம். தனியா நிப்போம். வாய்க்கால் தண்ணி கொண்டுவந்தத ஜனங்க மறந்திருக்க மாட்டாக." காபி டம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தார், குடிக்கவில்லை. குரல் உடைந்தது. "ஒருத்தரும் வர மாட்டேங்குறாகடி. ஞாயித்துக்கெழம கொட்டகையில நான் மட்டும் உக்காந்திருக்கேன். காலையில எந்திரிச்சா என்ன செய்யுறதுன்னு தெரியல. இது ஒண்ணு மட்டும் செய்யி."

என் அப்பா கெஞ்சி நான் பார்த்ததில்லை. அம்மா சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொல்லிவிட்டால்தான் என்ன என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

"நான் வரலைங்க" என்றாள் அம்மா. "காபி ஆறிப்போகுது, குடிங்க."

அவர் குடித்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். நான் பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்தேன். ஒரு இடத்தில் பைக் ஒன்று வேகமாக வந்தபோது என்னைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தான் வெளிப்பக்கம் நடந்தார். சின்னமனூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் அவரிடம் எங்கே போகணும் என்று இரண்டு முறை கேட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். "ஏறிட்டாகளா?" என்று கேட்டாள். ஏறிவிட்டார் என்றேன். "உக்கார எடம் கெடைச்சிச்சா?"

கிடைத்தது என்று சொன்னேன்.